ஐந்தாவது வரி

"அம்மா, வீடற்றவர்னா அது என்ன வேலை?"

இதைக் கேட்டபோது மேரிமுக்கு ஆறு வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட புதிது. கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாக வாசிப்பாள். அன்று தாயின் கைப்பேசியில் செய்தித் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வாசித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை மரணம். லாரி ஓட்டுநர் மரணம். வீடற்றவர் மரணம். முதல் இரண்டும் வேலை என்றால் மூன்றாவதும் வேலையாகத்தானே இருக்க வேண்டும்?

தாய் ஜிபெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தலைப்புகளில் பாதி அவள் எழுதியவை. பிஷ்கெக் நகரச் செய்தித் தளம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். மறுநாள் அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் மகளின் கேள்வியை ஒரு வேடிக்கையாகச் சொன்னாள். செய்தி ஆசிரியர் தாலந்த் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "லீவே கிடையாத வேலைன்னு சொல்லிடு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜிபெக்கும் சிரித்தாள். அதோடு அது மறந்துபோயிற்று.

காவல்துறையின் தினச் சுருக்கம் காலை பத்தேகால் மணிக்கு மின்னஞ்சலில் வரும். சட்டைப்பையில், அங்கே அடையாள அட்டையாகப் பயன்படும் பாஸ்போர்ட் இல்லாமல் ஓர் உடல் கிடைத்தால், 'நிலையான இருப்பிடம் இல்லாதவர்' என்று எழுதுவது காவலர்களின் வழக்கம். அதை 'வீடற்றவர்' என்று சுருக்குவது செய்தியறையின் வழக்கம். அப்படிப்பட்ட செய்திக்கு நாலே வரி. எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, உடலில் காயம் இல்லை, விசாரணை நடக்கிறது. காணாமல் போனவர் என்றால் உயரம், உடை, மச்சம், தழும்பு எல்லாம் போடுவார்கள், படம் போடுவார்கள். வீடற்றவருக்கு இவை எதுவும் கிடையாது. தேடி வர ஆள் இருந்தால் அவர் ஏன் அங்கே கிடக்கிறார் என்பது நினைப்பு. அந்த நினைப்பை யாரும் உட்கார்ந்து விதியாக எழுதவில்லை. எட்டு நிமிடத்தில் ஒரு செய்தி ஏற்ற வேண்டிய அவசரத்தில், புல் முளைப்பதுபோல் அது தானாக முளைத்தது.

ஜனவரி பதினொன்றாம் தேதி குளிர் பூஜ்யத்துக்குப் பத்தொன்பது டிகிரி கீழே. பழைய குளியல் கூடத்துக்குப் பின்னால், வீடுகளுக்கு வெந்நீர் கொண்டுபோகும் குழாய்கள் ஓடும் குழிக்கு அருகே, ஓர் ஆணின் உடல். வயது அறுபது இருக்கலாம். ஜிபெக் நாலு வரி எழுதினாள். அதற்குப் பிறகு அன்று நாடாளுமன்றத்தில் ரகளை, ஒரு பாலத்தில் விபத்து, நிலக்கரி விலை என்று எழுத நிறைய இருந்தது.

பிப்ரவரி இரண்டாம் தேதி முற்பகலில் ஒரு கிராமத்துப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைத் தலைத்துணி, இரண்டு கையிலும் பை. பெயர் சைராகுல் என்றாள். மலைநாட்டுப் பெரிய ஏரியின் தென்கரையில், தோங் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து விடிகாலை மினிபஸ்ஸில் வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை. முதலில் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். எல்லாரும் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்ட பிறகுதான் நாற்காலியில் அமர்ந்தாள்.

காணாமல் போனவர் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதற்குக் காசு கிடையாது என்று சொன்னார்களாம், நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்று ஜிபெக் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

"யாரு எஜே காணோம்?" மூத்த பெண்களை அங்கே 'எஜே', அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வீட்டுக்காரர்."

"அவர் பேரு?"

சைராகுல் பாஸ்போர்ட் நகலை மேசையில் தள்ளினாள். "அதுல இருக்கு, மகளே." முப்பத்தெட்டு வருடமாக அவள் கணவன் பெயரை வாயால் சொன்னதில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் அப்படித்தான். ஜிபெக் பார்த்து எழுதிக்கொண்டாள்: முகம்பெத், வயது அறுபத்தொன்று.

கண்ணில் புரை. ஜனவரி எட்டாம் தேதி கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மறுநாள் திரும்பிவிடுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். பழுப்பு ஆட்டுத்தோல் கோட்டு, கறுப்புத் தோல் பூட்ஸ். பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டேன் என்று ஒரு தடவை கூப்பிட்டார். அதற்குப் பிறகு கைப்பேசி எடுக்கவில்லை. அவருடைய தம்பி இரண்டு முறை வந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிவிட்டுப் போனார். காவல் நிலையத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"அடையாளம் ஏதாவது இருக்கா எஜே? தழும்பு, மச்சம்..."

"இடது கை சுண்டுவிரல்ல மேல் கணு கிடையாது. சின்ன வயசுல புல்லு வெட்டுற மிஷினுக்குக் குடுத்துட்டாரு. இந்தக் கையில எவ மோதிரம் போடுவான்னு நான்கூட கேலி பண்ணுவேன்."

ஜிபெக்கின் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது.

அவள் பழைய மின்னஞ்சல்களைத் திறந்தாள். ஜனவரி பதினொன்று. காவல்துறைச் சுருக்கத்தில் அந்த உடலைப் பற்றி ஐந்து வரி இருந்தது. ஐந்தாவது வரி: 'இடது கைச் சுண்டுவிரலின் மேல் கணு இல்லை, பழைய காயம்.' தளத்தில் அவள் ஏற்றிய செய்தியில் நாலு வரி இருந்தது. அந்த ஒன்றை வெட்டியதாக அவளுக்கு நினைவுகூட இல்லை. உருளைக்கிழங்குத் தோலை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

"எஜே," என்றாள். "நாம ஒரு இடத்துக்குப் போகணும். நானும் கூட வரேன்."

சைராகுல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியா? அதுக்குப் பின்னால இருக்கிற இடமா?"

"பின்னால இருக்கிற இடம்."

சைராகுல் மேசைமேல் சிதறிக் கிடந்த ரொட்டித் துகள்களை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். மீதி ரொட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்ஸியில் ஏறினார்கள். ஓட்டுநர் வானொலியைத் தானாகவே குறைத்துவிட்டார். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது சைராகுல் ஜன்னலைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். மருமகள் தினமும் காலையில் இவர்கள் தளத்தைத்தான் வாசித்துக் காட்டுவாளாம். பஸ் விபத்து என்றால் நெஞ்சு பதறும். அறுபது வயது ஆண் என்று வந்தாலே நின்று கேட்பார்களாம்.

"ஒரு நாள் வாசிச்சா, குழாய்க் குழிகிட்ட யாரோ வீடற்றவர் செத்துக் கிடந்தாருன்னு. அவர் தம்பி சொன்னாரு, இது நம்ம ஆள் இல்ல, நமக்குத்தான் வீடு இருக்கே, போன வருஷம்தான் கூரைக்குப் புதுத் தகடு போட்டோம்னு. நானும் சரிதான்னேன். ஆனா மனசு கேக்கல. யாரு பெத்த பிள்ளையோ, அழ ஆள் இல்லாம போயிருக்கேன்னு, அன்னிக்கு எண்ணெய் காய வச்சு ஏழு ரொட்டி சுட்டு ஓதிவிட்டேன்."

செத்தவர்களுக்காக எண்ணெய் மணம் எழுப்பி ஏழு ரொட்டி சுடுவது அந்த மக்களின் வழக்கம். சொந்தத்துக்குத்தான் சுடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக அவள் சுட்டிருக்கிறாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஜிபெக்குக்குத் தோன்றியது. பிணவறையில் படத்தைக் காட்டுவார்கள், விஷயம் தெரிந்துவிடும், அந்த வரியைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்த நினைப்பு எத்தனை சுலபமாக வந்தது என்பதில்தான் அவளுக்குப் பயம் வந்தது.

"எஜே, அந்தச் செய்தி நான் எழுதினது. போலீஸ் அனுப்பினதுல சுண்டுவிரலைப் பத்தி ஒரு வரி இருந்துச்சு. நான் அதை எடுத்துட்டேன்."

"ஏன்?"

"வீடற்றவருக்கு அதெல்லாம் போடுறதில்ல."

வண்டி நகர்ந்தது. வெகுதூரம் போன பிறகு சைராகுல் சொன்னாள்:

"நீ போட்டிருந்தா, அன்னிக்கே வந்திருப்பேன்."

அதில் கோபம் இல்லை, சமாதானமும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். ஜிபெக் அதை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

பிணவறைப் பொறுப்பாளர் ஸ்தெபானிச் என்கிற வயதான ரஷ்யர். பதிவேட்டைப் புரட்டினார், கணினியில் ஒரு படத்தைத் திறந்தார், பிறகு எழுந்து நின்றுகொண்டார். சைராகுல் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். துவாவுக்காக இரண்டு கைகளையும் விரித்து முகத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

"எங்கே இருக்காரு?"

ஆறு நாள் முன்னால், இருபத்தேழாம் தேதி, நகராட்சி அடக்கம் செய்துவிட்டது. கேட்டு வராத உடல்களுக்கு உண்டான நாள் முடிந்துவிட்டது. இடம் நகர எல்லையில், எண் நானூற்றுப் பதினெட்டு. ஸ்தெபானிச் இதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"குளிப்பாட்டினாங்களா?"

"நான்தான் தண்ணி ஊத்தினேன், அம்மா. உங்க துவா எனக்குத் தெரியாது. இங்கேருந்து போற எல்லாருக்கும் ஒரு சிலுவை போட்டு அனுப்புவேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான். தப்பா எடுத்துக்காதீங்க."

"எதுக்குத் தப்பு?" என்றாள் சைராகுல். "ஒருத்தராவது மேலே இருக்கிறவன்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கீங்க."

அவர் உள்ளே போய் ஒரு சாக்குப்பை கொண்டுவந்தார். உடலோடு வந்த சாமான். கோட்டு இல்லை, தோல் பூட்ஸ் இல்லை. ஒரு பருத்திச் சட்டை, கால்சட்டை, ஒரு ஜோடி சாம்பல் நிறக் கம்பளி பூட்ஸ். பூட்ஸ் சிறியது. குதிகாலில் டயர் ரப்பர் வைத்துத் தைத்திருந்தது.

சைராகுல் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது அவரோடது இல்ல. பொம்பள பூட்ஸ் இது."

ஸ்தெபானிச் கொஞ்சம் தயங்கினார். உடல் வந்து மூன்றாம் நாள் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாளாம். குழாய்க் குழியில் இருப்பவள். கன்னத்தில் தீக்காயம். அந்தக் குளிரில் காலில் வெறும் ரப்பர் செருப்பு, மேலே கந்தல் சுற்றியிருந்தது. தோங்கிலிருந்து வந்த மனுஷனைக் குளிப்பாட்டியாயிற்றா என்று கேட்டாள். ஆச்சு என்று இவர் சொன்னதும் போய்விட்டாளாம்.

"தோங்னு சொன்னாளா?" என்று ஜிபெக் கேட்டாள்.

"சொன்னா."

"நீங்க எழுதி வைக்கலையா?"

"எப்படி எழுதறது? அவ வீடற்றவ. அவ சொல்றதை எந்தத் தாள்ல எழுதறது?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "எழுதியிருக்கணும்."

கோட்டையும் பூட்ஸையும் யார் கழற்றிக்கொண்டார்கள், கண் சரியாகத் தெரியாத மனிதர் பஸ் நிலையத்திலிருந்து அந்தக் குழிவரை எப்படி வந்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஊகிக்க முடிந்தது இவ்வளவுதான். வெறுங்காலோடு வந்த ஒருவருக்கு ஒரு பெண் தன் காலில் இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டிருக்கிறாள். அவர் இறந்ததும், காவலர் கண்ணில் படட்டும் என்று குழியில் இருந்தவர்கள் மேலே தூக்கிக் கிடத்தியிருக்கிறார்கள். போன பூட்ஸைத் திருப்பிக் கேட்க அவள் வரவில்லை. அவரைக் குளிப்பாட்டினார்களா என்று கேட்கத்தான் வந்தாள்.

அன்று இரவு சைராகுல் ஜிபெக்கின் வீட்டில் தங்கினாள். கொழுந்தன் இசாபெக் காலையில் நேரே இடுகாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சைராகுல் ஊசி நூல் கேட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பூட்ஸின் தேய்ந்த அடிக்குப் புதிதாகக் கம்பளித் துண்டு வெட்டி வைத்துத் தைத்தாள். மேரிம் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சைராகுலுக்கு அழுகை ஒரே ஒருமுறைதான் வந்தது. சோறு பரிமாறும்போது வந்தது, உடனே நின்றுவிட்டது.

சமையலறையில் ஜிபெக் கணினியைத் திறந்து தங்கள் தளத்தில் அந்தச் சொல்லைத் தேடினாள். முந்நூற்றுச் சொச்சம் செய்திகள். பாதிக்கு மேல் அவள் கையெழுத்து. ஒன்றிலும் பெயர் இல்லை. வீடற்றவர் உறைந்தார். வீடற்றவர் எரிந்தார். வீடற்றவர் திருடினார், வீடற்றவரை அடித்தார்கள், வீடற்றவர் கிடந்தார். எந்தச் செய்தியிலும் ஒரு வீடற்றவர் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தது நடக்காமல் இருந்திருக்காது. அது நாலு வரிக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

தாலந்துக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி, செய்தியில் பெயர் சேர்க்க வேண்டும் என்றாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"மூணு வாரம் ஆச்சு ஜிபெக். அதை இனிமே ஒருத்தனும் திறக்கமாட்டான்."

"தெரியும் பைகே." அண்ணனை அழைக்கும் மரியாதைச் சொல் அது.

"அப்புறம் எதுக்கு?"

"அவர் வீட்டுல ஒருத்தர் இப்ப என் கூடத்துல உட்கார்ந்திருக்காங்க."

"சரி, மாத்து. தலைப்பையும் மாத்திடு" என்றார். பிறகு, தானாகவே, "இனிமே அந்த அடையாள வரியை விடவேண்டாம். எல்லாருக்கும் போடுங்க. நான் காலையில சொல்லிடறேன்" என்றார். ஜிபெக் வீடற்றவர் என்ற சொல்லை எடுத்துவிட்டு, தோங்கைச் சேர்ந்த முகம்பெத், அறுபத்தொன்று, கண் சிகிச்சைக்காக வந்தவர் என்று எழுதினாள். கீழே ஐந்தாவது வரியைச் சேர்த்தாள். செய்தியைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நின்றது.

காலையில் இடுகாட்டில் முழங்கால் அளவு பனி. வரிசை வரிசையாக இரும்புத் தகடுகள், தகட்டில் எண்கள். நானூற்றுப் பதினெட்டின் முன்னால் இசாபெக்கும் அவர் அழைத்துவந்த முல்லாவும் நின்றார்கள். குழி வெட்டுகிறவர் ஒருவர், வேலை இல்லாவிட்டாலும் வரிசையில் வந்து நின்றார். ஸ்தெபானிச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசியில் நின்றார். பெண்கள் இருவரும் தள்ளி நின்றார்கள்.

தொழுகை முடிந்ததும் இசாபெக் முன்னால் வந்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்:

"எங்க அண்ணன் யாருக்காவது கடன்பட்டிருந்தா, என்கிட்ட வந்து கேளுங்க, நான் தீர்க்கிறேன். அவருக்கு யாராவது கடன்பட்டிருந்தா, விட்டாச்சு."

ஊரில் என்றால் இருநூறு பேர் கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க ஐந்து பேர். கடன்பட்டவர் கல்லறையில் நிம்மதியாகப் படுக்கமுடியாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கடன் கேட்டு யாரும் முன்னால் வரவில்லை. விட்டாச்சு என்ற சொல் ஜிபெக்கின் காதில் விழுந்தது. அது தனக்கும் சேர்த்துச் சொன்னது என்று எடுத்துக்கொள்ள அவளுக்குத் துணிவு வரவில்லை.

சைராகுல் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் பூட்ஸ் இருந்தது.

"கேக்க வேண்டியவ இங்க வரமாட்டா," என்றாள் தாழ்ந்த குரலில். "பதினொரு மணிக்கு வண்டி. நான் எங்கே போய்த் தேடுவேன்?"

"நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன், எஜே."

சைராகுல் பையைக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் ஜிபெக்கின் கையை உடனே விடவில்லை. "நீ எடுத்தது ஒரு வரி. எங்க வீட்டுல நாங்க எட்டுப் பேரு உட்கார்ந்து கேட்டோம். ஒருத்தரும் 'யாரு அந்த மனுஷன்'னு கேக்கல," என்றாள். இசாபெக் தான் கொண்டுவந்த பெயர்ப்பலகையை எண் தகட்டின் மேல் கம்பியால் கட்டி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு வண்டிக்குப் போனாள்.

ஜிபெக் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லவில்லை, போகவும் இல்லை. மதியம் பழைய குளியல் கூடத்துக்குப் பின்னால் போனாள். இந்த இடத்தைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள், வந்ததில்லை. பனியில் ஓர் ஒற்றையடிப் பாதை. இரும்பு மூடி பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான ஆவி வந்துகொண்டிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். சத்தம் இல்லை. பகலில் அட்டை பொறுக்கப் போயிருப்பார்கள்.

குனிந்து பார்த்தாள். குழாயை ஒட்டி அடுக்கிய அட்டைமேல் மடித்து வைத்த போர்வை. ஒரு கெட்டில். துணி விரித்து அதன்மேல் மூன்று கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சுவரில் ஓர் ஆணியில் உடைந்த கண்ணாடித் துண்டு, அதன் கீழே ஒரு சீப்பு. காலடி வைக்கும் இடத்தில் ஒரு பழைய கோணிப்பையை மிதியடியாகப் போட்டிருந்தார்கள்.

இறங்கினால் கைக்கெட்டும் தூரம்தான். ஆள் இல்லாத நேரத்தில் எப்படி நுழைவது? அவள் மண்டியிட்டு, கையை நீட்டி, பூட்ஸ் இரண்டையும் சேர்த்து அந்தக் கோணியின் ஓரத்தில் வைத்தாள். ஆவியில் நனையும் என்று தோன்றியது. மறுபடி எடுத்து, குழாயின் பக்கமாக, காய்ந்த இடம் பார்த்துச் சாய்த்து வைத்தாள்.

"முகம்பெத் கடனா வாங்கினது," என்றாள்.

மூடியை இருந்தபடியே பாதி சாத்திவிட்டு, வந்த பாதையிலேயே திரும்பி நடந்தாள்.